உண்ணும் வாயும் மறுக்கும் உடலும்

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பத்தைக் கடந்து பண்ணுருட்டிக்குப் போகும் வழியில் உள்ள மேல்பட்டாம்பாக்கத்தில், கோடைக்காலத்து மாலைப்பொழுதில் கடைத்தெருவை ஒரு முறை சுற்றிவருகிறவர், உலகத்து வைத்திய சாஸ்திரம் இன்று மிகுந்த எச்சரிக்கையோடு பெயர் சொல்லும் ஆகாரங்களுள் பலவற்றை அப்பக்கத்திலேயே கண்டுவிடலாம். தென்னார்க்காட்டார் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை, தோலோடு உப்பிட்டு அவிக்கப்பட்டு ஆவி பறக்க அளந்து தரப்படுகிறது. பண்ணுருட்டிப் பக்கத்து முந்திரி, முழுப்பருப்பு வேறு உடைசல் வேறு என்று தரம் பிரிந்து குவிந்திருக்கிறது. பிளந்து வைத்த பலாப்பழத்தின் வாசனை, வாங்க வராதவரையும் ஒரு கணம் நிறுத்திவிடுகிறது. கிழக்கே கடலூர் முதுநகருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போனால் இறால். தெற்கே சிதம்பரத்துக்குப் போனால் கத்தரிக்காய்க் கொத்சு. இவை அனைத்தும், எங்கேயோ யாரோ ஒருவருடைய உடலில் ஒவ்வாமையை எழுப்பியதாக மருத்துவ ஏடுகளில் முறையாகப் பதிவான பொருள்கள் என்று சொன்னால், தலைமுறை தலைமுறையாக இவற்றைத் தின்று வளர்ந்த இப்பகுதியார் நம்புவது கடினம். ஆயினும் அந்த அவநம்பிக்கையில் ஒரு விஞ்ஞானக் கேள்வி ஒளிந்திருக்கிறது. லண்டனில் ஒரு சிறுவனை மரணத்தின் விளிம்புக்குத் தள்ளக்கூடிய ஒரு பிடி மல்லாட்டை, இங்கே ஆயிரம் சிறுவர்களுக்குப் பள்ளிக்கூடத்து வாசல் தின்பண்டமாக இருப்பது எப்படி? ஒவ்வாமையைத் தடுக்கவும் தீர்க்கவும் சென்ற நூறாண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சி, பலவழி சுற்றிவிட்டு இப்போது இந்தக் கேள்வியின் அருகில்தான் வந்து நிற்கிறது.

முதலில் எது ஒவ்வாமை, எது அன்று என்பதைத் தெளிவு செய்துகொள்வது நல்லது. ஏனெனில் வயிற்றில் எது நேர்ந்தாலும் ‘அலர்ஜி’ என்று சொல்லிவிடும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. கெட்டுப்போன மீனைத் தின்று வாந்தியெடுப்பது ஒவ்வாமை அன்று. அந்த மீனை யார் தின்றாலும் அதே கதிதான். பால் குடித்தவுடன் வயிறு உப்பி இரைவது, பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலில் குறைந்துபோனதன் விளைவு; அதுவும் ஒவ்வாமை அன்று. ஊரெல்லாம் சுகமாக உண்ணும் நல்ல ஆகாரத்தை, ஒருவருடைய உடல் மட்டும் பகையென்று எண்ணி, உண்ட சில நிமிஷங்களிலிருந்து இரண்டொரு மணி நேரத்துக்குள் தடிப்பும் அரிப்பும் உதட்டு வீக்கமும் மூச்சிரைப்புமாகப் போர் தொடுப்பதே சரியான பொருளில் உணவு ஒவ்வாமை. நம் பாட்டிமார், கத்தரிக்காய், கருவாடு, இறால், வேர்க்கடலை முதலியவற்றைக் கரப்பான் பண்டங்கள் என்று ஒரே கட்டாகக் கட்டி, சொறி சிரங்கு உடையவர்களுக்குப் பத்தியமாக விலக்கிவைத்தனர். அந்தக் கட்டுக்குள் நெடுநாளைய அனுபவமும் உண்டு, காரணமற்ற அச்சமும் உண்டு. இரண்டும் பிரிக்கப்படாமலே நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

பிரித்தறியும் முயற்சி கடலில் தொடங்கியது என்று சொல்லலாம். 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டு மன்னர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் யாத்திரை செய்த ஷார்ல் ரிஷே, போல் போர்த்தியே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இருவர், கடற்சொறி இனத்து உயிர்களின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பாரிஸுக்குத் திரும்பிய பின், பாறைகளில் ஒட்டி வாழும் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தினால் அவற்றுக்கு நஞ்சைத் தாங்கும் சக்தி உண்டாகும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. முதல் முறை நஞ்சைத் தாங்கிக்கொண்டு நலமாக உலவிய நாய், சில வாரங்கள் கழித்து மிகச் சிறிய அளவு செலுத்தப்பட்டவுடனே மூச்சுத் திணறி வீழ்ந்து இறந்தது. முதற்சந்திப்பு உடலைக் காக்காமல், அடுத்த சந்திப்புக்குள் அதைக் கொதிநிலையில் வைத்துவிடவும் கூடும் என்பது அன்று வெளியாயிற்று; ரிஷேக்கு 1913இல் நோபெல் பரிசும் கிடைத்தது. 1921இல், ஜெர்மானிய வைத்தியரான கார்ல் ப்ராஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத தம் சகா ஹைன்ஸ் கூஸ்ட்னரின் ரத்தநீரில் சில துளிகளைத் தம்முடைய தோலுக்குள் செலுத்திக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றையும் செலுத்திப் பார்த்தார். மீனை எந்தத் தொல்லையுமின்றி உண்டுவந்த அவருடைய தோல், அந்த ஓரிடத்தில் மட்டும் தடித்துச் சிவந்தது. பகைமை ரத்தத்தில் மிதக்கும் ஏதோ ஒரு பொருளில் இருக்கிறது என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை. அப்பொருளைக் கையில் பிடிக்கப் பின்னும் 45 ஆண்டுகள் சென்றன. அமெரிக்காவில் டென்வர் நகரத்து இஷிசாகா தம்பதியரும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் 1966, 1967ஆம் ஆண்டுகளில் தனித்தனியே கண்டறிந்த அந்த எதிர்ப்புப் புரதத்துக்கு 1968இல் ‘ஐ.ஜி.ஈ.’ என்று பெயரிட்டனர்.

தோலிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும் காவலிருக்கும் ஒருவகை உயிரணுக்களின் மேற்பரப்பில் இந்த ஐ.ஜி.ஈ. ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பழக்கமான புரதம் வந்து தொட்டவுடன் அந்த உயிரணுக்கள் தம்முள் சேமித்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் முதலிய வீரியமுள்ள பொருள்களை ஒரே கணத்தில் கொட்டிவிடுகின்றன. விருந்துக்கு வந்தவரைத் திருடனென்று நினைத்து ஊரையே கூட்டிவிடும் காவற்காரனின் செய்கைதான் இது. விருந்தாளி ஒரு தீங்கும் செய்யவில்லை, கூட்டமே வீட்டைத் துவம்சம் செய்துவிடுகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்த அழுத்தம் வீழ்ந்து, தொண்டையும் நுரையீரலும் ஏககாலத்தில் அடைபடும் நிலைமையே வைத்தியர்கள் அஞ்சும் உச்சநிலை.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டாருக்கும் கணிசமான பங்கு உண்டு என்பதும், அதிலும் நம் கரையோரத்து இறாலே கதாநாயகனாக விளங்கிற்று என்பதும் பலருக்குத் தெரியாத விஷயம். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பி.வி. சுப்பாராவ் என்பவரும் அவருடைய மாணவர்களும், அமெரிக்க தேசியச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்த டீன் மெட்காஃபோடு கூட்டுச் சேர்ந்து, இறாலுக்குள் ஒவ்வாமையை எழுப்பும் பொருள் எது என்று தேடினர். அவர்கள் எடுத்துக்கொண்டது, சோழமண்டலக் கரையில் வலைபோடும் எந்தச் செம்படவரும் கண்டவுடன் அடையாளம் சொல்லக்கூடிய இந்திய வெள்ளை இறால். எவ்வளவு கொதித்தாலும் குணம் மாறாத புரதம் ஒன்று அதில் இருப்பதை 1989இல் வெளியிட்ட அவர்கள், அது தசையை இயக்கும் ‘ட்ரோபோமயோசின்’ என்னும் புரதமே என்பதை 1993இல் நிலைநாட்டினர். இந்த ஒரு கண்டுபிடிப்பால் பல புதிர்கள் அவிழ்ந்தன. இறால் ஒவ்வாதவருக்கு நண்டும் பெரும்பாலும் ஒவ்வாமற் போவதன் காரணம், இரண்டின் தசைப் புரதமும் ஏறக்குறைய ஒன்றாயிருப்பதே. இறாலை எடுத்து ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வதால் பயனில்லை. வெந்த நீரிலும் அப்புரதம் இறங்கியிருக்கும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சிக்கும் கரப்பான்பூச்சிக்கும் அதே வகைப் புரதம் உண்டு. ஆகையால் தூசியால் தும்மிக்கொண்டிருப்பவருடைய ரத்தம், இறாலை வாயில் வைக்காமலே இறாலுக்கு எதிரான குறியைக் காட்டிவிடக்கூடும். கோழிக்கும் ஆட்டுக்கும் அப்புரதம் இருந்தபோதிலும், அவை நம் உடலின் புரதத்துக்கு மிகவும் நெருங்கிய உறவாகையால் பெரும்பாலும் பகையாகக் கருதப்படுவதில்லை.

கத்தரிக்காயை மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஒய்.பி. வெங்கடேஷும் அவருடைய குழுவினரும் எடுத்துக்கொண்டனர். உண்மையாகவே கத்தரிக்காய் ஒவ்வாதவர்கள் உண்டு என்றும், ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது என்றும் 2008இல் அவர்கள் எழுதினர். கத்தரிக்காயிலேயே இயற்கையாக ஹிஸ்டமினும் சிறிது உண்டாகையால், கொத்சு உண்டபின் நாக்கில் அரிப்பு எடுப்பதாகச் சொல்லுகிறவர்களில் எல்லாரும் ஒவ்வாமைக்காரர் அல்லர் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும். பாட்டியின் பட்டியல் இவ்விஷயத்தில் முழுப் பொய்யுமன்று, முழு மெய்யுமன்று. மும்பையிலோ, மேனாட்டுப் பட்டியல்களில் பெயரே காணப்படாத கொண்டைக்கடலை நம் தேசத்தில் முக்கியமான ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று என்பதைப் பாட்டீல், நிபட்கர் முதலிய வைத்தியர்கள் 2001இல் வெளிப்படுத்தினர். பஜ்ஜிக்கும் பக்கோடாவுக்கும் மைசூர்ப்பாகுக்கும் ஆதாரமான கடலைமாவு அதிலிருந்து வருவதுதான்.

ஆனால் இவற்றையெல்லாம் விட முக்கியமாக நான் கருதுவது, கர்நாடகத்தில் பெங்களூர், மைசூர்ப் பகுதிகளில் நடத்தப்பட்டு, ஜே.எஸ்.எஸ். மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பி.ஏ. மகேஷ் முதலியோர் 2016இல் வெளியிட்ட ஒரு பெரிய கணக்கெடுப்பு. ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்றின் அங்கமாக 11,791 வயதுவந்தோரை உள்ளடக்கி நடந்த அந்த ஆராய்ச்சியில், இருபதுக்கும் மேற்பட்ட உணவுகளில் ஏதேனும் ஒன்றுக்கேனும் எதிரான ஐ.ஜி.ஈ. உடையவர்கள் 26.5 விழுக்காடு, அதாவது நால்வரில் ஒருவருக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் அவ்வுணவை உண்டு அதற்குரிய அறிகுறிகளும் கண்டவர்கள் 1.2 விழுக்காடு மட்டுமே. ரத்தத்தில் பகையின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு, உணவைச் சுகமாக உண்டு வாழ்பவர்களே மிகப் பெரும்பான்மையோர். மகரந்தம், தூசிப்பூச்சி, குடற்புழு ஆகியவற்றோடு உடலுக்கு ஏற்பட்ட பழக்கம் உணவுப் புரதங்களின் மேலும் வீணாகச் சாயல் படியச் செய்வது இதற்கு ஒரு காரணமாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து.

இந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைச் சாலையின் வாசலிலும் எழுதிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அலர்ஜி பேக்கேஜ்’ என்று பெயரிட்டு, ஒரு துளி ரத்தத்தில் நூறு பொருள்களைச் சோதித்து, பக்கம் பக்கமாகச் சிவப்பு எழுத்தில் அச்சடித்துத் தருகிறார்கள். அதைக் கையில் வாங்கிய தாய், அன்றுவரை குழந்தை ஆசையாகத் தின்றுவந்த முட்டையையும் பாலையும் கோதுமையையும் துவரம்பருப்பையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறாள். ஐ.ஜி.ஜி. என்னும் வேறொரு புரதத்தை அளந்து தரப்படும் பட்டியல்களோ இன்னும் மோசம். ஓர் உணவை நாம் உண்டுவருகிறோம் என்பதற்கு மேல் அந்த எண் எதையும் சொல்லாது. உண்ட கதையைக் கேளாமல் ரத்தத்தை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் தீர்ப்பு தீர்ப்பே அன்று. சந்தேகம் நீடித்தால், அவசர மருந்துகளை அருகில் வைத்துக்கொண்டு, வைத்தியசாலையில் வைத்தியர் முன்னிலையில் அந்த உணவையே சிறு அளவில் தொடங்கி உண்டு பார்ப்பதே முடிவான சோதனை.

அதே ஐரோப்பியத் திட்டத்தின் கீழ்ப் பள்ளிச் சிறுவர்களிடம் நடந்த ஆராய்ச்சியில், கர்நாடகத்துக் குழந்தைகளிடம் ஒவ்வாமை எனக் கொள்ளத்தக்கவை 0.14 விழுக்காடுதான். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்தில் ஒரு வயதுக் குழந்தைகள் ஐயாயிரம் பேருக்கு மேல் எடுத்து, உண்ணவைத்தே சோதித்தபோது, பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏதோ ஓர் உணவு ஒவ்வாதவராக இருந்தனர். வயதும் முறையும் வேறாகையால் இவ்விரண்டையும் அருகருகே வைத்து வகுத்துப் பார்ப்பது முறையன்று. ஆயினும் இடைவெளியின் பெருமை கண்ணில் படாமற் போகாது. இந்த வித்தியாசத்தை நம் முன்னோர் பெருமையாக மாற்றிக்கொண்டு மேடையேறுவது எளிது. காரணத்தைத் தேடுவது கடினம். தேடியவர்கள் கண்டது சுவையான ஒரு கதை.

பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் கரிய எண்ணெய் பட்டுப் பட்டு விரல்நுனிகள் கறுத்து, ரேகைகள் தேய்ந்து, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கானால் தோல் பொத்துப்போய்ப் புண்ணாகவும் ஆகும். சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு வேலை செய்வார்கள். சேராங்கொட்டைக்கும் மாம்பாலுக்கும் உள்ள அதே குலத்துக் காரம் அது. ஆனால் அதே கொட்டைக்குள் இருக்கும் பருப்பை அப்பெண்கள் தின்றால் ஒன்றும் ஆவதில்லை. ஓட்டெண்ணெய் தோலில் செய்யும் கலகம், ஐ.ஜி.ஈ. சம்பந்தமற்ற, மெல்ல மூளும் வேறொரு வகை. பருப்பின் புரதத்தால் மேனாட்டுக் குழந்தைகளுக்கு நேரும் விபத்து, நாம் மேலே கண்ட விரைவான வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. ஆயினும் ஒரு பொருள் எந்த வழியாக உடலைச் சந்திக்கிறது என்பது எத்தனை முக்கியம் என்பதை இக்கைகள் கண்ணெதிரே காட்டுகின்றன. லண்டனைச் சேர்ந்த குழந்தை வைத்தியரான கிடியன் லாக், ஆராய்ச்சியால் வந்து சேர்ந்ததும் வழியைப் பற்றிய கருத்துக்குத்தான்.

வேர்க்கடலை ஒவ்வாத ஆங்கிலக் குழந்தைகளின் வரலாற்றை ஆராய்ந்த லாக் குழுவினர், அவர்களில் பலருக்குச் சிசுப்பருவத்தில் கரப்பான் படர்ந்த தோலின்மேல் கடலையெண்ணெய் கலந்த களிம்புகள் தடவப்பட்டிருந்ததை 2003இல் எடுத்துக்காட்டினர். தோல் வெடித்த இடத்தின் வழியே புரதம் உள்ளே நுழைந்தால் உடல் அதைப் பகையாகக் குறித்துக்கொள்ளுகிறது. வாய்வழியே குடலுக்குப் போனால் உணவென்று ஏற்றுப் பழகிக்கொள்ளுகிறது என்பதே அவர் வகுத்த கொள்கை. அந்நாளில் மேனாட்டு வைத்திய சங்கங்கள் கொடுத்துவந்த உபதேசமோ இதற்கு நேர் எதிர். ஒவ்வாமைக்கு இடமுள்ள குடும்பத்துக் குழந்தைக்கு மூன்று வயது நிரம்பும்வரை வேர்க்கடலையைக் காட்டவே கூடாது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம் 2000ஆம் ஆண்டில் சொல்லியிருந்தது. குழந்தை உண்ணாவிட்டாலும் வீட்டார் உண்டார்கள். அந்த வீட்டுத் தூசியில் கடலைப் புரதம் இருந்தது. கரப்பான் படிந்த கன்னம் அதைத் தொட்டது. வாய்வழி அடைபட்டு, தோல்வழி மட்டும் திறந்திருந்தது. உபதேசம் பரவப் பரவ நோயும் பெருகிற்று.

இதற்கிடையே லாக் இஸ்ரேலுக்குச் சென்று வைத்தியர் சபை ஒன்றில் பேசியபோது, வேர்க்கடலை ஒவ்வாமையைச் சமீபத்தில் கண்டவர்கள் கையைத் தூக்கும்படி கேட்டார். லண்டனில் அநேகமாக எல்லாக் கைகளும் உயர்ந்திருக்கும். அங்கே உயர்ந்தவை மிகச் சில. அவ்வூர்த் தாய்மார்கள், பல் முளைக்கும் பிராயத்திலேயே ‘பம்பா’ என்னும் கடலைப்பொரி வகையைக் குழந்தை கையில் கொடுத்துவிடுவது வழக்கம். இரு நாட்டிலும் ஒரே யூத வம்சத்தைச் சேர்ந்த குழந்தைகளை ஒப்பிட்டு 2008இல் வெளியிட்ட கணக்கில், பிரிட்டனில் 1.85 விழுக்காடும் இஸ்ரேலில் 0.17 விழுக்காடுமாகப் பத்து மடங்கு வித்தியாசம் காணப்பட்டது. ஒப்பிடுதல் ஒன்றே நிரூபணமாகிவிடாது என்பதை உணர்ந்த லாக், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 சிசுக்களை, 4 மாதத்துக்கும் 11 மாதத்துக்கும் இடைப்பட்ட பிராயத்தில் சேர்த்துச் சீட்டுக் குலுக்கிய முறையில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு வாரம் மூன்று முறையேனும் வேர்க்கடலை உணவு. மறு பாதிக்கு ஐந்து வயதுவரை பூரண விலக்கு. 2015இல் முடிவு வெளியாயிற்று. விலக்கி வைத்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு ஒவ்வாமை, உண்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அந்தக் குழந்தைகள் பன்னிரண்டு வயதைக் கடந்தபின் மீண்டும் சோதித்து 2024இல் எழுதியபோதும், இடையில் தம் விருப்பப்படி உண்டோ உண்ணாமலோ இருந்த போதிலும், அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் நிலைத்திருந்தது. உபதேசங்கள் தலைகீழாக மாற்றி எழுதப்பட்டன. சாஸ்திரம் தன் பழைய வாக்கைத் தானே கிழித்தெறிந்த இந்நிகழ்ச்சியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோதித்துப் பாராமல் அவ்வாக்கைச் சொன்னதுதான் பிழை.

ஆறாம் மாதத்தில் நல்ல நாள் பார்த்துச் சோறூட்டும் நம் வழக்கம் இதைத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான், ஆனால் சோறூட்டிய பின், பருப்பு நெய் சாதத்தோடு பல மாதங்கள் நின்றுவிட்டு, முட்டையையும் கடலையையும் மீனையும் ‘மாந்தம்’ என்று தள்ளிப்போடும் வீடுகளும் நம்மிடையே நிரம்ப உண்டு. ஆறு மாதத்தில் மெதுவான உணவு தொடங்கிய பின், வீட்டார் உண்பவற்றை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக அறிமுகம் செய்து, பழகியதை விடாமல் தொடர்வதே இன்றைய ஆலோசனை. வேர்க்கடலையானால் நன்றாக அரைத்த விழுதாகவோ பொடியாகவோ கஞ்சியில் கலக்கவேண்டும். முழுக்கடலை சிசுவின் மூச்சுக்குழலில் சிக்கிவிடும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் வைத்தியரைக் கலந்துகொண்டு தொடங்கவேண்டும்.

கடல் கடந்து குடியேறிய நம்மவர்க்கு இவ்விஷயம் இன்னும் நெருக்கமானது. மெல்போர்ன் ஆராய்ச்சியாளர், ஆசிய நாடுகளிலிருந்து வந்த பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த குழந்தைகளிடம் ஒவ்வாமை மிகுந்திருப்பதையும், ஆசியாவிலேயே பிறந்து பின்னர் அங்கே போன குழந்தைகளிடம் அது குறைந்திருப்பதையும் கண்டனர். ரத்தமும் குலமும் ஒன்றாயிருக்க, பிறந்து வளர்ந்த மண் மட்டும் வேறாவதால் விளைவு வேறாகிறது. வெயிலா, தூசியா, குடலில் வாழும் நுண்ணுயிர்களா, முதல் ஆண்டில் ஊட்டிய உணவா என்பதெல்லாம் இன்னும் வழக்கில் இருக்கும் கேள்விகள். பலாப்பழம் இதற்கு வேடிக்கையான உதாரணம். பலாச்சுளை உண்டு வாயில் அரிப்புக் கண்ட ஐரோப்பியர் சிலரை ஆராய்ந்தபோது, அவர்களுடைய பகை உண்மையில் ‘பெர்ச்’ என்னும் குளிர்நாட்டு மரத்தின் மகரந்தத்தோடு. பலாவின் புரதம் அதைப் போல உருவம் கொண்டிருந்ததே அதன் குற்றம். பெர்ச் மரத்தைக் காணாத பண்ணுருட்டியில் பலாவின்மேல் அந்தப் பழி விழ இடமில்லை.

ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்டவருக்கு வழி என்ன? நெடுங்காலம், விலக்கி வை என்பதைத் தவிர வேறு விடை இல்லை. 1908இலேயே ஆல்பிரெட் ஸ்கோஃபீல்ட் என்ற ஆங்கில வைத்தியர், முட்டை ஒவ்வாத ஒரு சிறுவனுக்கு முட்டையின் மிக நுண்ணிய அளவை மாத்திரையாக்கிக் கொடுத்து, அளவைப் படிப்படியாக ஏற்றி, சில மாதங்களில் முட்டையையே உண்ணும்படி செய்து காட்டினார். அது ஏட்டோடு நின்றுவிட்டது. அதே தத்துவத்தை நூறாண்டுக்குப் பின் முறையாகச் சோதித்து, அளவு குறித்த வேர்க்கடலைத் தூளை மருந்தாகவே அமெரிக்க அரசாங்கம் 2020இல் அங்கீகரித்தது. ஆனால் இம்மருந்து முறையில் சிகிச்சையே அடிக்கடி அரிப்பையும் வயிற்றுவலியையும், சிற்சில சமயம் கடுமையான ஒவ்வாமையையும் கிளப்பிவிடுவது பெரிய குறை.

இங்கேதான் அவித்த மல்லாட்டை மேடைக்கு வருகிறது. வேர்க்கடலையை வறுத்தால் அதன் புரதங்கள் ஐ.ஜி.ஈ.யோடு இன்னும் பலமாகப் பிணைகின்றன என்பதும், நீரில் அவித்தால் அப்பிணைப்புத் தளர்கிறது என்பதும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்தவை. மேனாட்டார் வறுத்துத் தின்பதும், சீனரும் நாமும் நிரம்ப அவித்துத் தின்பதும் ஒரு காரணமாக இருக்கலாமோ என்று அப்போதே கேட்டவர் உண்டு. ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரத்து வைத்தியர்கள் இதையே படிக்கட்டாக்கினர். ஒவ்வாமையுள்ள 70 சிறுவர்களுக்கு, 12 மணி நேரம் கொதித்த கடலையை முதற்பன்னிரண்டு வாரங்கள் சிறிது சிறிதாக ஏற்றிக் கொடுத்து, பின்னர் 2 மணி நேரம் கொதித்ததை 20 வாரங்கள் கொடுத்து, கடைசி 20 வாரங்கள் வறுத்த கடலைக்குக் கொண்டுவந்தனர். 2023இல் வெளியான அறிக்கைப்படி, 56 பேர் நாளொன்றுக்கு 12 வறுத்த கடலைகளைத் தின்னும் நிலைக்கு வந்தனர். அவர்களுக்கும் நடுவழியில் தொல்லைகள் வராமலில்லை, சிலர் விலகிக்கொண்டனர். நம் கடைத்தெருவில் அவிவது கொஞ்ச நேரம்தான். ஒவ்வாமை உள்ளவர் அதை மருந்தென்று எண்ணி வீட்டில் முயன்றுபார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். இவ்வகைச் சிகிச்சை கண்காணிப்பு உள்ள வைத்தியசாலைக்கே உரியது. அப்படியும், பெரும்பாலோர்க்கு இது பூரண குணமன்று. தினந்தோறும் உண்டுவருவதை நிறுத்தினால் பழைய பகை திரும்பக்கூடும்.

ஐ.ஜி.ஈ.யையே பிடித்துச் செயலறச் செய்யும் ‘ஒமாலிசுமாப்’ என்னும் ஊசிமருந்து மற்றொரு வழி. ஆஸ்துமாவுக்கென்று பல ஆண்டுகளாக வழங்கிவந்த அதை, 2024ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உணவு ஒவ்வாமைக்கும் அமெரிக்காவில் அங்கீகரித்தனர். சோதனையில் அம்மருந்து பெற்றவர்களில் 67 விழுக்காட்டினர் இரண்டொரு வேர்க்கடலைக்குச் சமமான அளவைத் தாங்கினர். வெறும் ஊசி பெற்றவர்களில் 7 விழுக்காட்டினரே தாங்கினர். தெரியாமல் ஒரு துணுக்கு வாயில் போய்விட்டால் உயிர் தப்புவதற்கு உதவுமேயன்றி, ஒரு கை அள்ளித் தின்ன இது உரிமைச்சீட்டு அன்று. விலையும் சாமானியர் கைக்கு எட்டுவதன்று.

சாமானியர் கைக்கு எட்டுவது ஒன்று உண்டு. ஒவ்வாமை உச்சத்துக்குப் போய் மூச்சுத் திணறவோ மயக்கம் வரவோ செய்தால், உயிர் காக்கும் முதல் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்புறத் தசையில் உடனே போடவேண்டியது. அரிப்புக்குப் போடும் மாத்திரை அதற்கு ஈடாகாது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில்தான் பொன்னான நிமிஷங்கள் வீணாகின்றன. மேனாடுகளில் நோயாளிகள் பேனாவைப் போலச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் தானியங்கி ஊசி நம் கடைகளில் எளிதில் அகப்படுவதில்லை. மருந்தோ மலிவானது, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இருக்கவேண்டியது. நோயாளியைப் படுக்கவைத்து, 108 வண்டிக்குச் சொல்லி, வைத்தியரைக் கண்டவுடன் இன்னதைத் தின்றபின் இவ்வாறாயிற்று என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருப்பது பாதி சிகிச்சை.

பொட்டலத்தில் விற்கும் உணவுகளில் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் கொட்டைப் பருப்புகளும், சோயா, கோதுமை முதலியவை கலந்திருந்தால் அதை வெளியே அச்சிட வேண்டுமென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. மும்பை வைத்தியர்கள் எச்சரித்த கொண்டைக்கடலைக்கு அப்பட்டியலில் இடமில்லை. மேனாட்டுப் பட்டியலை முன்னே வைத்துக்கொண்டு நம் பட்டியலை எழுதியதன் பலன் இது என்று நினைக்கிறேன். கல்யாணப் பந்திக்கும் தெருமுனைப் பலகாரக் கடைக்கும் எந்தச் சீட்டும் கிடையாது. சர்க்கரைப் பொங்கலின் மேல் மிதக்கும் முந்திரியைக் கண்ணால் கண்டு ஒதுக்கிவிடலாம். குருமாவில் கொழகொழப்புக்காக அரைத்து விட்ட முந்திரியைப் பரிமாறுகிறவரே அறியமாட்டார், சமையற்காரரைத்தான் கேட்கவேண்டும்.